காலிப் பொறி

"இன்னிக்கும் ஒண்ணும் விழலையா?"

"சுத்தமா இல்ல. வேணும்னா நீயே போய்ப் பாரு," என்றார் கணவர், பருத்திக் காட்டிலிருந்து வந்த காலைக் கழுவிக்கொண்டே.

அவள் நேற்றே போய்ப் பார்த்துவிட்டாள். பொறி காலியாகத்தான் தொங்கியது. அதன் மூடிக்குள் ஒரு சின்ன ரப்பர் துண்டு உண்டு. பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றியது. அதற்கு ஏமாந்து ஆண் பூச்சிகள் வந்து விழும். எத்தனை விழுகிறது என்று பார்த்துத்தான் காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பார்கள்.

"பக்கத்துக் காட்டுல ரெண்டு தடவை அடிச்சாச்சு. நம்ம காட்டுக்கு மட்டும் பூச்சிக்கு வழி தெரியலையா?"

"உன் வாய்க்குப் பயந்து வராம இருக்கும்."

"கேலி இருக்கட்டும். பொறி நிறைஞ்சா மறுநாளே நான் டேங்க்கை முதுகுல மாட்டிருவேன். சொல்லிட்டேன்."

மாட்டிவிடுவாள். அவருக்கு முதுகுவலி, தெளிப்பானைத் தூக்க முடியாது. ஆள் விட்டால் அரைகுறையாக அடிப்பார்கள் என்பது அவள் கட்சி. போன பருவத்தில் மருந்து நெஞ்சில் ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்தாயே என்று யாராவது ஆரம்பித்தால், "அது எதிர்க்காத்துல அடிச்சதால," என்று வாயை அடைத்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் பேசி அவர் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

அவள் கவலை அவளுக்கு. காய்க்குள் புழு புகுந்துவிட்டால் ஒரு வருஷ உழைப்பு மண்ணோடு மண். இந்த மனுஷனோ, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று விடியும் முன்பே பையோடு கிளம்பிவிடுகிறார். நடைக்கு எதற்குப் பை என்று கேட்டதற்கு, விறகு கிடந்தால் பொறுக்கலாமே என்றார். இதுவரை ஒரு சுள்ளிகூட வந்து சேரவில்லை.

பொறுத்துப் பார்த்துவிட்டு, அன்று மாலை விவசாய அலுவலரை வரவழைத்தாள். இளவயதுப் பெண். காடு முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

"அதிசயமா இருக்கும்மா. பொறியில ரப்பர் இருக்கு, பூச்சி இல்ல. காயைப் பிளந்து பார்த்தா புழுவும் இல்ல. இந்தச் சுத்துவட்டாரத்துல உங்க காடு ஒண்ணுதான் இப்படி."

கணவர் பனியனோடு வந்து தண்ணீர்ச் செம்பை நீட்டினார். வாங்கிய அலுவலர் குடிக்கவில்லை. அவர் பார்வை வாசல் தூணில் மாட்டியிருந்த சட்டை மேல் நின்றது. சாம்பல் நிறத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் அதன் மேல் மொய்த்துக்கொண்டிருந்தன.

"இது யார் சட்டைங்க ஐயா?"

"என்... என்னோடதுதான்."

அலுவலர் எழுந்து போய்ச் சட்டைப் பைக்குள் விரலை விட்டார். ஒரு ரப்பர் துண்டு வந்தது.

"புது ரப்பர் இங்க இருக்கு. அப்போ பொறியில மாட்டியிருக்கிறது போன வருஷத்துப் பழசா?"

"புதுசுல வாசனையே இல்லையேம்மா. நான் மோந்து பார்த்துட்டுத்தான் சட்டைப் பையில போட்டேன்," என்றார் அவர் பரிதாபமாக.

"உங்களுக்கு இல்லைங்க ஐயா. அதுங்களுக்கு உண்டு."

அவளுக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. "சொந்தக் காட்டுக்கே குழி பறிக்கிறீங்களா? காய் பூரா புழுத்துப் போகட்டும்னா?"

அவர் கொட்டகைக்குப் பின்னால் போய், கொளுத்துவதற்கு வைத்திருந்த பையை எடுத்து வந்து வாசலில் கவிழ்த்தார். விரியாமல் முறுக்கிக்கொண்ட பருத்திப் பூக்கள் குவியலாக விழுந்தன. அலுவலர் ஒன்றைப் பிரித்தார். உள்ளே நூல் போல ஒரு புழு நெளிந்தது.

"புழு இருக்கிற பூ விரியாதும்மா. செடி செடியாக் குனிஞ்சு அதை மட்டும் பார்த்துப் பறிச்சிருக்காரு. தினமும் பறிச்சிருந்தாத்தான் காய் இப்படித் தப்பிக்கும்."

அவள் கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ஆஸ்பத்திரியில நீ மூச்சுக்குத் தவிச்சதைப் பார்த்த பிறகு, நீ அந்த டேங்க்கைத் தொடுறதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல."