டக்

பின்னைச் சொருகிவிட்டுக் காத்திருந்தாள்.

மணிக்கட்டு ஒன்றும் சொல்லவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொன்றைச் சொருகினாள். அதற்கும் பதில் இல்லை. காலையிலிருந்து இப்படித்தான்.

உள்ளங்கையில் அடங்கும் கனெக்டர். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தின் வயிற்றில் போய் உட்காரப்போவது. கரண்ட் போகிற தடித்த கம்பி, சிக்னல் கம்பி, டேட்டா போகிற மெல்லிய கம்பி, மூன்றும் அந்த ஒரே கூட்டுக்குள் குடித்தனம் செய்தாக வேண்டும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு பின். துளைக்குள் தள்ளினால் கடைசியில் டக் என்று பூட்டிக்கொள்ளும். தடித்த கம்பி என்றால் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். டேட்டா கம்பியை இழுக்கவே கூடாது, அறுந்துவிடும். அதற்குக் காதுதான் சாட்சி.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது.

ஆள் எதிரில் நின்று பேசினால் கேட்கும். சின்னச் சத்தங்கள் மட்டும் சித்திரையிலிருந்து ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. மகளின் கொலுசு. குழாய் சொட்டுவது. பிறகு இந்த டக்.

வீட்டில்கூடச் சொல்லவில்லை. இங்கே தெரிந்தால் இந்த மேசையில் உட்கார விடமாட்டார்கள். கூட்டிப் பெருக்க அனுப்புவார்கள், அதுவும் இரக்கப்பட்டால்.

பயந்து செத்துக்கொண்டிருந்தபோதுதான் மணிக்கட்டு கைகொடுத்தது. பின் பூட்டிக்கொள்ளும்போதெல்லாம் மேசைமேல் கிடக்கும் மணிக்கட்டு எலும்பில் சின்னதாக ஓர் அதிர்வு. பாதியில் நின்றால் அதிர்வு வராது. காது போனால் போகட்டும், கை கேட்கிறதே என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

ஒரே தொந்தரவு, எதிர் நாற்காலியில் இருந்த பூங்காவனம்.

தன் வேலைக்கு நடுவில் அந்தப் பெண் இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது நிமிர்ந்தாலும் அந்தக் கண்கள். கண்டுபிடித்துவிட்டாள், போட்டுக்கொடுக்கப் போகிறாள்.

அதனால் இவள் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு என் கையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குது சார். அது வேலையும் ஓடல, என் வேலையும் ஓடல."

சூப்பர்வைசர் தேவநாதன் நேற்று மாலையே பூங்காவனத்தை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். அவள் எழுந்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். இடது கை நடுவிரல் முட்டியில் பிளாஸ்திரி.

பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "என்னம்மா விரல்ல?" என்றாள் இவள்.

"எங்கனா இடிச்சிருப்பேன்க்கா. வரட்டா?"

இன்று அந்த நாற்காலியில் வேறொருத்தி. தலையே நிமிர்வதில்லை. கேட்ட வரம் கிடைத்துவிட்டது.

மணிக்கட்டுதான் ஊமையாகிவிட்டது.

கையைத் தேய்த்துப் பார்த்தாள். வளையலைக் கழற்றிப் பார்த்தாள். ஏசி குளிரோ என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே குருட்டாம்போக்கில் சொருகினாள்.

தேவநாதன் சிவப்புத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சோதனையில் தேறாமல் திரும்பியவை.

"எல்லாம் உங்க கை வேலைதாங்க்கா. டேட்டா பின் அத்தனையும் வெளிய வந்துடுது."

"பின்னுதான் சரியில்ல சார், இந்தத் தடவ வந்தது."

வாய் கூசாமல் சொன்னாள். அவர் தட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

எல்லோரும் எழுந்தார்கள். டீ நேரம். இவள் எழவில்லை.

பூங்காவனம் வந்தாள். இங்கே டீ கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்திருந்தாள். ஒரு கப்பை இவள் பக்கம் நகர்த்திவிட்டு, தன்னுடையதோடு பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்புத் தட்டைப் பார்த்தாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இவள் ஒரு பின்னை எடுத்துச் சொருகினாள்.

டக்.

மணிக்கட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்தது. டக்.

வந்துவிட்டது, தாயே, வந்துவிட்டது. மூன்றாவதை எடுத்தாள். என்ன தோன்றியதோ, வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினாள்.

ஒன்றுமில்லை.

மீதியைத் தள்ளினாள். டக்.

மெல்ல நிமிர்ந்தாள்.

பூங்காவனத்தின் கண்கள் வழக்கம்போல இவள் கைமேல் இருந்தன. வலது கையில் டீ. இடது கை மேசைக்கு அடியில் இருந்தது.

இத்தனை நாளும் தட்டிக்கொண்டிருந்தது அந்தக் கைதான்.

காதுமடல்வரை சுட்டது. உடம்பு முழுக்கக் கூசியது. மேசையைவிட்டுக் கையை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டாள்.

"ஆறிடப் போவுதுக்கா, குடிங்க."

குடித்தாள்.

ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். பூங்காவனம் எழுந்து காலிக் கப்புகளை எடுத்துக்கொண்டாள். விரல் முட்டியில் இன்று பிளாஸ்திரி இல்லை. ஆறத் தொடங்கியிருந்த புண் மறுபடி உடைந்து, ஓரத்தில் ஈரமாக இருந்தது.

"வரட்டாக்கா?"

அவள் போன பிறகு இவள் எழுந்தாள்.

சிவப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்கு நடந்தாள். நேற்று இதே வழியில் எவ்வளவு வேகமாக வந்தோம் என்று நினைவு வந்தது.

தேவநாதன் நிமிர்ந்தார்.

"என்னக்கா, இன்னிக்கு யாரு மேல கம்ப்ளைண்ட்?"

தட்டை வைத்துவிட்டு, அவள் தன் காதைத் தொட்டாள்.