ஒரு வாய்ச் சோளம்

காட்டுப் பள்ளிக்கூடத்தின் கூரை மழையில் சரிந்து விழுந்துவிட்டது. குட்டிகளெல்லாம் நனைந்துகொண்டே பாடம் கேட்டன. புதுக் கூரை போடுவதற்காக, வரி வசூலிக்கும் உடும்பு ஏரிக்கரையில் எல்லோரையும் கூட்டியது.

"இதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு வாய்ச் சோளம் குடுத்தீங்க. இனிமே ரெண்டு வாய்."

"யாரோட வாயளவுக்கு?" என்று கேட்டது அணில். அதன் பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான் படித்தன.

"எப்பவும் போல உன் வாய்தாம்மா அளவு. எல்லாருக்கும் அதே அளவுதான். சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம்."

"என் வீட்டுல இருக்கிறதே நாலு வாய்ச் சோளம். யானை ஐயா ஒரு சோளக்காட்டையே வச்சிருக்கார். அவருக்கும் ரெண்டு வாய்தானா?"

உடும்பு குரலைத் தாழ்த்தியது. "மெதுவாப் பேசு. கூடக் கேட்டா அவர் அடுத்த காட்டுக்குப் போயிடுவார்."

ஏரியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யானைக்கு அது கேட்டுவிட்டது. "நான் என்ன குறைச்சலாவா குடுக்கிறேன்? நீ குடுக்கிற அளவை நானும் குடுக்கிறேனே!"

அணிலின் வால் சிலிர்த்துக்கொண்டது. "சரிங்கய்யா. சமம்னா எல்லாத்திலயும் சமமா இருப்போம். இன்னையிலேர்ந்து இந்த ஏரியிலயும் யாரும் என் வாயளவுக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாது."

யானை பதறிப்போய்த் தும்பிக்கையைத் தூக்கியது. "அது எப்படி? என் வயிறு எவ்வளவு பெரிசு தெரியுமா?"

"தெரியுமே," என்றது அணில். "வரி கட்டும்போது மட்டும் அந்த வயித்தை எங்கே கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருந்தீங்க?"