முள்ளை முந்திய மருமகள்

"முள்ளு அசையவே இல்ல. அதுக்குள்ள எதுக்கும்மா வளைக்கிற?"

இன்ஜின் இல்லாத கிளைடரின் பின் இருக்கையில், இப்போதுதான் ஒரு குலுக்கலுக்கு அலறி ஓய்ந்த பெரியவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவள் மருமகள்.

"இப்ப அசையும் பாருங்க மாமா."

சொல்லி வாய் மூடவில்லை, ஏற்றம் காட்டும் முள் மேலே துள்ளியது.

"அது சோம்பேறி முள்ளு மாமா. காத்து நம்மளத் தூக்கி ரெண்டு மூணு செகண்டு கழிச்சுத்தான் சொல்லும். அதை நம்பித் திரும்பினா, தூக்குற காத்தைத் தாண்டியே போயிருப்போம்."

தூக்கும் காற்று கிடைக்காவிட்டால் பந்தய வழியில் ஏதாவது வயலில் இறங்க வேண்டியதுதான். இழுத்து வர வண்டியோடு கீழே காத்திருந்தவர் சம்பந்தி. "கவலைப்படாதீங்க, உங்க மானத்தையும் சேர்த்தே ஏத்திட்டு வர்றேன்" என்று காலையிலேயே பல்லைக் காட்டிய மனிதர். மூன்று தலைமுறையாகப் பந்தயத்தில் வயலில் இறங்காத குடும்பம் இது. அந்த ஆளின் வண்டியில் ஏறுவதா!

புருஷனை விட்டுவிட்டு, "மாமாதான் கூட வரணும்" என்று மருமகள் அடம்பிடித்தது பெரியவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மரியாதை தெரிந்த பெண்.

கிளைடர் குலுங்கியது.

"ஏய்! இடது பக்கம் எதுக்குத் தூக்குற? ஒழுங்கா ஓட்டு!"

"சரிங்க மாமா." அவள் இடப்பக்கமே வளைத்தாள். முள் அப்புறம்தான் விழித்துக்கொண்டது.

"யம்மா! இப்ப வலது பக்கம்! ஓட்டுறியா, தொட்டில் ஆட்டுறியா?"

"மன்னிச்சுக்கோங்க மாமா." வலப்பக்கம் வளைத்தாள். கிளைடர் ஜம்மென்று ஏறியது.

திட்டித் திட்டிப் பெரியவருக்குத் தொண்டை கட்டியது. ஆனால் பந்தயத்தில் முதலிடம். சம்பந்தி காலி வண்டியை உருட்டிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்ததும் பெரியவர் மகனை ஓரமாக இழுத்தார்.

"அடுத்த வருஷமும் நான்தான் வரணுமாம்டா. உயிரைக் கையில பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். பயம் தெரியாம இருக்க மாத்திரை ஏதாவது வாங்கிக் கொடு. உன் பொண்டாட்டி காதுல விழ வேண்டாம்."

விழுந்துவிட்டது. அவள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ, மாத்திரையெல்லாம் வேண்டாம் மாமா! பறந்து பறந்து எனக்கு உடம்பு மரத்துப்போச்சு, காத்து எந்தப் பக்கம் தூக்குதுன்னே தெரியறதில்ல. நீங்க எந்தப் பக்கம்னு அலறுறீங்களோ, அந்தப் பக்கம்தானே நான் திரும்பினேன்!"