மகுடம் இறங்கும் மதியம்

பழங்காநத்தத்து வீட்டில், போன மாதம் இறந்துபோன தம்பி அழகுமலையின் கம்ப்யூட்டர் முன்னால் பவதாரிணி உட்கார்ந்திருக்கிறாள். நண்பர்களோடு சேர்ந்து யூடியூப் நேரலையில் அவன் ராஜாவாக நடித்துவந்த வீடியோ கேம் கதையை அவர்கள் இன்று முடித்துவைக்கிறார்கள். ராஜா வந்து மகுடத்தை ஒப்படைக்க வேண்டுமாம். ஜன்னல் வெயில் கீபோர்டின் மேல் கிடக்கிறது. "அக்கா, எழுத்து அழிஞ்சுபோன பட்டன அமுக்குங்க, நடப்பான்," என்கிறான் ஹெட்போனில் ராம்கி. கதையில் அவன் தளபதி. அமுக்குகிறாள். சதுரக் கட்டிகளால் எழுப்பிய அரண்மனைக்குள் நீல அங்கி ராஜா நடந்து வருகிறார். "மாப்ள வந்துட்டான்டா," என்று ஹெட்போனில் இன்னொருவன் முனகுகிறான். அவளுக்கு அழுகை வரவில்லை. அடுக்களையில் அம்மா போட்ட மிக்ஸி ஓடி நிற்கிறது. ராம்கி சொன்ன அடுத்த பட்டனைத் தட்டுகிறாள். மகுடம் தரையில் விழுகிறது. அதை யாரும் எடுக்கவில்லை. "நான் கேம விட்டு வெளிய வந்துரவாப்பா?" என்று கேட்கிறாள். "வேணாங்க்கா. செத்த நேரம் நிக்கட்டும்," என்கிறான் ராம்கி. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். ராஜா அசையாமல் நிற்கிறார். மற்றவர்கள் ஒவ்வொருவராக நடந்து வந்து அவர் பக்கத்தில் நிற்கிறார்கள்.