ஒன்பது ஜோடிச் செருப்பு

பர்மாவில், யாங்கோனின் அலோன் பகுதியில் ஷைலாவின் தையல் கம்பெனிக்கு அரசாங்கம் சீல் வைத்து மூன்று வருடமாகிறது. அதை மீட்க அவள் வழக்கு நடத்துகிறாள். இன்று மிஷின்களைப் பட்டியலெடுக்க மட்டும் கோர்ட் அனுமதித்திருந்தது. கோர்ட் அமீனா செல்லையா, பர்மிய மரியாதைப்படி ஊ செல்லையா, அரக்கு சீலை உடைத்துக் கதவைத் திறந்தார். தரையெங்கும் தூசி, காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. கதவுக்கு உள்ளே ஒன்பது ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. காலையில் பெய்த மழையின் ஈரம் அவற்றில் இன்னும் காயவில்லை.

“சீலை நான்தானேம்மா இப்ப உடைச்சேன்? இதையும் லிஸ்ட்ல எழுதணுமா?” என்றார் அவர்.

“தெரியலையே, ஊ செல்லையா. என்கிட்ட வேலை பார்த்த ஒன்பது பேரும் தாய்லாந்து போயிட்டாங்க.”

ஒன்றும் புரியாமல், பழக்கத்தில் ஷைலாவும் செருப்பைக் கழற்றினாள். வரிசையின் நடுவில் ஒரு ஜோடிக்கு இடம் விட்டிருந்தது. கம்பெனி நடந்த காலத்தில் அவள் தினமும் செருப்பு விட்ட இடம் அதுதான்.