யாருக்கும் தெரியாத நம்பர்

கல்மேட்டின் உச்சிக்கு வந்த பிறகுதான் போனில் டவரின் முதல் கோடு விழுந்தது.

பூங்கொடி மூச்சு வாங்க நின்றாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வலது கையில் போன்.

கீழே, முன்பு கொஞ்ச நாள் கூட வேலை பார்த்த ஜெயசெல்வியின் குவாரி குவார்ட்டர்ஸில் சுத்தமாக டவர் கிடையாது. சிங்காரப்பேட்டையில் அம்மாவிடம் விட்டிருக்கும் மகளோடு ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால், உடைந்த கிரானைட் துண்டுகளைக் கொட்டி வைத்த இந்த மேட்டில்தான் ஏற வேண்டும்.

“மூணாவது சங்கு ஊதறதுக்குள்ள எறங்கிடுக்கா, வெடி வெப்பாங்க” என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயசெல்வி வேலைக்குப் போயிருந்தாள்.

ஓசூரில் வீட்டை விட்டு வந்து இரண்டு நாள் ஆகிறது. புருஷன் முனிவேல் இங்கே வரமாட்டான். இந்தப் பக்கத்துக் குவாரிகளில் லாரியில் கல் லோடு அடிப்பதை விட்டு இரண்டு வருடம் ஆயிற்று, இப்போது கன்டெய்னர் ஓட்டுகிறான். ஜெயசெல்வி என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மூன்று புடவையும் இந்தப் போனும்தான் அவள் எடுத்து வந்தது. போனை விட்டுவர மனசு வரவில்லை. மகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

போன தீபாவளிக்கு அவன் வாங்கித் தந்தது. அவள் அதை வேலைக்குக் கொண்டுபோன அன்று கம்பெனி கேன்டீனில் எல்லோர் தட்டிலும் சோறு ஆறிப்போனது. கை மாறி கை மாறிப் போன் சுற்றியது. மூன்று மெகாபிக்சல் கேமரா, புளூடூத், எஃப்.எம்., கூப்பிடுகிறவர் முகம் திரையில் வருகிற வசதி. விலை ஆகாயத்திலும் இல்லை, மட்டமும் இல்லை. கொடுத்து வைத்தவள் என்று லைன் மொத்தமும் கண் வைத்தது.

எல்லாவற்றையும் முனிவேல்தான் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தான். நல்ல மூடில் இருந்தால் அவனைப் போலப் பொறுமைசாலி கிடையாது. கடைசியில் ஏதோ ஒரு பக்கத்துக்குப் போய்த் தன் நம்பரைத் தட்டி, ஒரு பாஸ்வேர்டும் போட்டான். திருடு போனால் கண்டுபிடிக்க என்றான். அடுப்பில் ரசம் பொங்கியதால் அவள் எழுந்து போய்விட்டாள்.

இரண்டாவது கோடு விழுந்தது.

காலையில் பர்கூர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில்தான் இந்த சிம்மை வாங்கினாள். கடைக்காரர் பேர்கூடக் கேட்கவில்லை, சிம் வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்று மட்டும் சொன்னார். போனின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, பேட்டரியை எடுத்து, பழைய சிம்மைச் சாக்கடையில் போட்டுவிட்டுப் புதியதை வைத்தாள்.

புது நம்பரை ஜெயசெல்விக்குக்கூடச் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் ஒரு தடவை பட்டது போதும்.

எட்டு மாதத்துக்கு முன் கம்பெனித் தோழி லாவண்யாவோடு அத்திப்பள்ளிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். எல்லை தாண்டினால் ரோமிங் காசு. ஓசூர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுதானே என்று லாவண்யாவின் இன்னொரு சிம்மை, கர்நாடகா சிம்மை, வாங்கிப் போட்டு அம்மாவிடம் பேசினாள். ஒரு புடவையைப் பிரித்துப் பார்ப்பதற்குள் அதே நம்பரில் முனிவேல் கூப்பிட்டான். “கர்நாடகா சிம் போட்டிருக்கற போல” என்றான். அன்று ராத்திரி நடந்ததை அவள் நினைக்க விரும்பவில்லை.

அம்மா சொல்லமாட்டாள், மற்றபடி அந்த நம்பர் லாவண்யா ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மா சத்தியம், குழந்தை சத்தியம் என்று லாவண்யா அழுதாள். பூங்கொடி நம்பவில்லை. கேன்டீனில் டேபிளை மாற்றிக்கொண்டாள். ஏழு வருடத்துச் சிநேகிதம் அத்தோடு சரி.

கீழே முதல் சங்கு ஊதியது.

மூன்று கோடு. நான்கு. டவர் முழுசாக வந்துவிட்டது. கட்டை விரலால் அம்மாவின் நம்பரைத் தேடினாள். மகளிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தாள்.

போன் அடித்தது.

திரை முழுக்க முனிவேல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கே இன்னும் மனப்பாடமாகாத நம்பர். அவள் யாருக்கும் சொல்லவில்லை. இன்னும் ஒரு கால்கூடப் போடவில்லை.

இரண்டாவது மணி.

அன்று அடுப்படிக்குப் போனவளுக்குக் கேட்கும்படி அவன் குரல் உயர்த்திச் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. “இதுல எவன் புது சிம் போட்டாலும் சரி, அந்த நம்பர் எனக்கு மெசேஜா வந்துரும்.”

லாவண்யாவின் அழுத முகம் கண் முன்னால் வந்தது. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்.

மூன்றாவது மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவளைவிட அவள் விரலுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேண்டாம் என்று நினைப்பதற்குள் அது பச்சைப் பட்டனை அழுத்திவிட்டது.

போனைக் காதில் வைத்தாள்.

இரண்டாவது சங்கு நீளமாக ஊதி அடங்கியது. அது அடங்கும்வரை அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“பர்கூர் குவாரி சங்குதான இது? சாப்ட்டியா? நான் குருபரப்பள்ளிலதான் டீ குடிச்சிட்டு இருக்கறன், அரை மணி நேரத் தூரம்.”

மூன்றாவது சங்கு ஊதியது. எந்தப் பக்கம் இறங்குவது என்று பூங்கொடிக்குத் தெரியவில்லை.