வெட்டுப்பட்ட ஆடுகள்

ராசம்மா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அவர்கள் வீட்டு வாசலில் ஆடுபுலி ஆட்டம். இந்தப் பக்கம் அவள் புருசன் ரெங்கசாமிக் கங்காணி, அவருக்கு ஆடு. எதிரே, கங்காணியின் இடது பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி, துணி மூட்டை வியாபாரி மொஹிதீன், அவருக்குப் புலி. புலி வெட்டிய ஆட்டுக் கல்லையெல்லாம் தன் சாரத்து மடியில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம்.

கங்காணி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவக் குனிந்தார். அந்த நேரம் பார்த்து மொஹிதீனின் கை பலகைக்குப் போனது, மடிக்கு வந்தது. மறுபடி போனது, வந்தது.

'அடப்பாவி! கண்ணு போன மனுசன்கிட்டயா திருட்டாட்டம்?'



கண் போய் மூன்று மாசம்கூட ஆகவில்லை. காலையில் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணிக்கொண்டிருந்தவர், "இடது கண்ணுல யாரோ படுதாவை இழுத்து விட்டாப்ல இருக்குடி" என்று வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வண்டி பிடித்து, அவரையும் ராசம்மாவையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதே இந்த மொஹிதீன்தான்.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். அறையை இருட்டாக்கி, பக்கத்தில் விளக்கை வைத்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னக் கண்ணாடி வழியாகக் கங்காணியின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன வயசு?"

"அம்பதுங்க" என்றார் கங்காணி, கூசாமல்.

ராசம்மா இருமினாள்.

"நீங்கள் அம்பது எண்டு சொல்லுறியள். கண்ணுக்குள்ளை ஓடுற ரத்தக் குழாயைக் கேட்டால் அறுபத்தஞ்சு எண்டெல்லோ சொல்லுது!"

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

"வயசு போகப் போக இந்தக் குழாய் தடிச்சு, உள்வழி ஒடுங்கிப் போகும். ரத்தம் ஓடுறது குறைஞ்சுகொண்டே வரும். உங்களுக்கு இடது கண்ணிலை அது அடைபட்டே போச்சு. வாய்க்கால் தூர்ந்தால் வயல் என்ன செய்யும்? அதுதான் கதை."

"அடைப்பை எடுத்துட முடியாதுங்களா?" என்று கேட்டார் மொஹிதீன்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

லயத்துக்குத் திரும்பிய கங்காணி சுவரைப் பார்த்துப் படுத்தார். கஞ்சி வேண்டாம். வெற்றிலைகூட வேண்டாம். எவனாவது 'ஒத்தக்கண்ணன்' என்று சொல்லிவிடுவானோ என்று வாசல் பக்கமே தலைகாட்டவில்லை. ராசம்மா கும்பிடாத சாமி இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொஹிதீன் மலையேறி வந்தார். தோளில் துணி மூட்டை, கக்கத்தில் ஆட்டப் பலகை.

"என்ன கங்காணி, பயமா?"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் தப்பவில்லை.

எழுப்பி உட்கார வைத்தது இப்படி ஏமாற்றுவதற்குத்தானா?

ஆட்டம் முடிந்து மொஹிதீன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தேயிலைச் செடி மறைக்கும் வளைவில் ராசம்மா வழியை மறித்தாள். கையில் சோற்றுக் கரண்டி.

"நில்லுங்க நானா!" அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிட்டாள்; குரலில்தான் சூடு.

"என்ன தங்கச்சி, கரண்டியோட?"

"அவுகளுக்குப் பார்வை இல்லாத பக்கமாப் பாத்துக் குந்திக்கிட்டு, எங்க ஆட்டைத் தூக்கித் தூக்கி மடியில போட்டீங்களே, நல்லா இருக்கா? நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மொஹிதீன் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தூக்கல தங்கச்சி. வெட்டின ஆட்டை மடியில இருந்து எடுத்துத் திருப்பி வச்சேன்."

"திருப்பியா? எதுக்கு?"

"எதுக்கா? ஜெயிச்சாத்தானே மனுசன் அடுத்த வாரமும் எந்திரிச்சு வந்து உட்காருவார்?"

ராசம்மா ஒரு அடி கிட்டே வந்தாள். "அதுக்குப் பேசாம விட்டுக்கொடுத்து ஆடலாமுல்ல?"

"நல்லா சொன்னீங்க! இருபது வருசமா என்கிட்ட தோத்தவரு. என் ஆட்டம் அவருக்கு அத்துப்படி. ஒரு புலியை மாத்தி நகத்தினாலும் கண்டுபிடிச்சு, பலகையாலேயே என் மண்டையைப் பொளந்துருவாரு. அல்லாவுக்காக அவர்கிட்ட சொல்லிராதீங்க."

ராசம்மா கரண்டியை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள்.

"அடுத்த வாரம் வெறும் வயித்தோட எறங்காதீங்க நானா. ரொட்டி சுட்டு வைக்கிறேன்."

வீட்டுக்குள் கங்காணி ராஜா மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சோற்றைப் போட்டாள். கண் கலங்கியது; அடுப்புப் புகை என்று துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கும் நீங்கதான் ஜெயிச்சீங்களாக்கும்?"

"பின்னே? புலியைக் கட்டிப் போட்டுட்டோமுல்ல! வெட்டுப்பட்டுச் செத்த ஆடெல்லாம் உசுரோட எந்திரிச்சு வந்தா, புலி என்னடி செய்யும்?"

ராசம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"உங்களுக்கு... தெரியுமா?"

"இடது கண்ணுதானேடி போச்சு?"

"தெரிஞ்சுமா கேக்காம இருக்கீங்க?"

"எனக்காக மூட்டையைச் சொமந்துக்கிட்டு மலையேறி வர்ற மனுசன். கேட்டா கூசிப்போயி நின்னுருவாருடி."

ஒரு கவளம் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு கங்காணி சொன்னார்:

"நீ மட்டும், நீயா சொல்ற மாதிரி, பக்குவமா அவர் காதுல போட்டு வை. ஆட்டைத் திருப்பி வைக்கிறப்ப சத்தம் வராம வைக்கச் சொல்லு. டக்குனு சத்தம் கேட்டா, நான் எப்படிடி பாக்காதவன் மாதிரியே உக்காந்திருக்கிறது?"